ஜன்னலோரக் கட்டில்

எங்கள் தெருவில் வீடுகள் இறங்குவதில்லை. மண்தான் இறங்கும்.

எங்கள் ஊரான ஆம்ஸ்டல்வேனின் இந்தப் பக்கம் முழுவதும் தண்ணீரை இறைத்து எடுத்த நிலம். மேலே கறுத்த சதுப்பு மண், நனைந்த பஞ்சு மாதிரி. அதன்மேல் அப்படியே கட்டினால் வீடு புதைந்து சாய்ந்துவிடும். அதனால் நீளநீளமான தூண்களை, அடியில் கெட்டி மணல் தட்டும்வரை அடித்து இறக்கி, அவற்றின் தலையில் வீட்டை உட்காரவைத்தார்கள். வீடு அசையாது. ஆனால் தோட்டத்துக்கும் வாசல் பாதைக்கும் தூண் கிடையாதே. அவை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். வாசற்படிக்கு அடியில் முதலில் விரல் நுழையும், அப்புறம் கை நுழையும், கடைசியில் பூனை நுழையும். பூனை நுழைந்தால் மணல் லாரிக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் எதிர்வீட்டு ஹார்மின் படிக்குக் கீழே பூனை நுழைந்தது. அக்டோபர் மாதம். லாரி வந்து வாசலில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. ஹார்ம் முப்பது வருஷத்துக்கு மேல் ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவன். நான் நீர்வாரியத்தில் பம்பு பார்த்தவன். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை. வாசல் பாதையில் பதித்திருந்த பாவுகல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வரிசை மாறாமல் சுவரோரம் சாய்த்தோம். மணலை அள்ளிப் பரப்பி, நனைத்து, திமிசுக் கட்டை போட்டு இடித்தோம். காற்று மேற்கிலிருந்து தூறலைக் கொண்டுவந்தது. ஹார்மின் மனைவி ஃபெம்மி காபி கொண்டுவந்தபோது அவன் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றான். இடது கை மட்டும் பிடியிலிருந்து நழுவியது. "இந்தக் கை என்னோடது இல்லபோல இருக்கே" என்றான். பிறகு மணல் குவியல்மேல் மெதுவாகச் சாய்ந்தான். பாவுகல்மேல் விழாமல் மணல்மேல் விழுந்தானே என்று இன்றைக்கும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பக்கவாதம். இடது பக்கம் போய்விட்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் தங்கிவிட்டது.

குளிர்காலம் முழுவதும் அவன் மருத்துவமனையிலும் பயிற்சி நிலையத்திலும் இருந்தான். தெருக்காரர்கள் நாங்களே சேர்ந்து அவன் வாசலை உயர்த்தி முடித்தோம். படியோடு சமமாக, சக்கர நாற்காலி தடுக்காமல் ஏறுகிற மாதிரி சரிவு வைத்தோம். நாற்காலி வீட்டுக்குள் வருவது அதோடு சரியாகிவிட்டது. அவன் வீட்டில் இருக்க முடியுமா என்பதுதான் சரியாகவில்லை.

அதைப் பேச நகராட்சியிலிருந்து இக்ராம் என்ற இளம்பெண் பிப்ரவரியில் வந்தாள். இப்படிப்பட்ட பேச்சை எங்கள் ஊரில் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் பேசுவார்கள். ஹார்ம் வீட்டு மாற்றுச் சாவி என்னிடம் இருப்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஃபெம்மி ஆளுக்கொரு காபி வைத்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டி, ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடினாள்.

"குளியலறை மாடியில. மாடிப்படியைப் பார்த்தேன்" என்றாள் இக்ராம்.

"அது மாடிப்படி இல்லம்மா, ஏணிக்கு அண்ணன்" என்றேன்.

"அவரால ஏற முடியாது. ஆக, கட்டில் கீழதான். காலையில ஒரு நர்ஸ் வருவாங்க, ராத்திரி படுக்கவைக்க ஒருத்தர். மத்த நேரம்? அக்கம்பக்கத்துல யாராவது உதவுவாங்களா?"

"யாரையும் தொந்தரவு பண்றதுல எனக்கு விருப்பமில்ல" என்றாள் ஃபெம்மி.

"ஃபெம்மி, நான் இங்கதானே உக்காந்திருக்கேன்" என்றேன்.

"உன்னைத்தான் சொல்றேன், கோஸ்."

இக்ராம் சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். "பராமரிப்பு இல்லத்துல ஒரு இடம் காலியாகுது. ஈஸ்டர் வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் வீட்ல வச்சுப் பாருங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் அவங்க போன் பண்ணுவாங்க. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"ஆமான்னா நானும் அங்க போகலாமா?"

"நீங்க நல்லா இருக்கீங்களே. நல்லா இருக்கறவங்களுக்கு அங்க இடம் குடுக்க மாட்டாங்க."

ஃபெம்மி தலையாட்டினாள். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷம். அவன் அதிகாலை வண்டி ஓட்டிய காலங்களில்கூட அவர்கள் தனித்தனி வீட்டில் தூங்கியதில்லை.

கட்டில் கீழே என்றால் எங்கே என்பதைச் சொல்ல எங்கள் வீடுகளின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கீழ்த்தளம் முழுவதும் ஒரே கூடம். தெருப் பக்கம் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, தோட்டத்துப் பக்கம் இன்னொன்று. காலையில் பின்பக்கமாக நுழைகிற வெயில் கூடத்தைக் கடந்துபோய் சாயங்காலம் முன்பக்கமாக வெளியேறும். வெயில் அபூர்வமாக வருகிற ஊரில், வருகிற வெயில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர் தெரியாத மனுஷர்களை நினைத்து நான் பலமுறை சந்தோஷப்பட்டிருக்கிறேன். பின்பாதியில் சாப்பாட்டு மேசை, சமையலறை, தோட்டத்துக் கதவு. அங்கே கட்டிலைப் போட்டால் வீடு நடக்காது. ஆக, தெருப் பக்கத்துக் கண்ணாடியோரம்தான்.

இந்தத் தெருவில் திரை மூடுகிற வழக்கமில்லை. நடந்து போகிறவர்கள் உள்ளே ஒரு பார்வை பார்ப்பார்கள், கை தூக்குவார்கள். உள்ளே இருப்பவர் கை தூக்குவார். அது விருந்துக்கு அழைப்பில்லை, பேச்சுக்குத் தொடக்கமும் இல்லை. இருக்கிறாயா, இருக்கிறேன். அவ்வளவுதான். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத ஊரில் அந்தக் கைதான் தினசரி நலம் விசாரிப்பு.

ஹார்ம் வீடு திரும்புவதற்கு முந்தின நாள் தெருவின் வாட்ஸப் குழுவில் லீடவை எழுதினாள். அவள் மூன்றாவது வீட்டுக்காரி, உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். "ஹார்ம் நாளை வருகிறார். கட்டில் ஜன்னலோரம். அவருக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது. கடந்து போகும்போது உள்ளே பார்க்காமல் இருப்போமா?" ஒவ்வொருவராகக் கட்டைவிரலைப் போட்டார்கள். நானும் போட்டேன். அன்பு காட்ட எங்களுக்குத் தெரிந்த வழிகளில் முதலாவது, தள்ளி நிற்பது.

சொன்னபடியே செய்தோம். நாயை நடத்துகிறவர்கள் அவன் ஜன்னலை நெருங்கியதும் நாயிடம் பேச ஆரம்பித்தார்கள். சைக்கிளில் போனவர்கள் செயினைக் குனிந்து பார்த்தார்கள். சிலர் எதிர்ச் சாரிக்கே, அதாவது என் வாசலுக்கே, மாறி நடந்தார்கள். நான் செவ்வாயும் வெள்ளியும் சொல்லிவைத்த நேரத்துக்குப் போய் அவனோடு சீட்டு விளையாடினேன். மற்ற நாட்களில் குப்பைத்தொட்டியை இழுத்துப் போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பிறகு லீடவை ஒரு பரிசு செய்தாள். கண்ணாடியில் ஒட்டும் பால்நிற ஸ்டிக்கர். வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில், குழந்தைகள் அள்ளி வீசினது போன்ற வண்ணத்தில் மிருகமும் நிலாவும் மனித முகமும் ஒன்றாகப் புரளும் பழைய ஓவியங்கள் உண்டு. அந்த மாதிரியில் இவளே வரைந்து, வண்ணத் தாளில் வெட்டி, பால்நிறத்தின்மேல் பதித்திருந்தாள். ஒரு வால் நீண்ட பறவை, இரண்டு கால் மட்டும் உள்ள ஒரு மாடு, சிவப்பு நிலா.

ஒரு சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து ஒட்டினோம். அது ஒரு நல்ல வேலை. கண்ணாடியை முதலில் தூசில்லாமல் துடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்தால் தாள் உடனே பிடிக்காமல் மிதக்கும், நகர்த்தி நேராக்கலாம். பிறகு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் தண்ணீரும் குமிழும் வெளியே வரும். கீழ்ச் சட்டத்திலிருந்து, நடந்து போகிறவனின் கண்ணுயரத்துக்குக் கொஞ்சம் மேல்வரை ஒட்டினோம். தெருவிலிருந்து பார்த்தால் அழகு சொல்லி முடியாது. நாங்கள் வாழும் இந்தச் சாம்பல் நிறத் தெருவில் ஒரு சிவப்பு நிலா.

"ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்றான் ஹார்ம். ஃபெம்மி எல்லோருக்கும் பட்டாணி சூப் ஊற்றினாள். ஸ்பூனை நட்டால் நிற்கிற பதம். எல்லோரும் நிறைந்த மனதோடு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வாரம் புதன்கிழமை யாரோ என் கதவைத் தட்டினார்கள். ஃபெம்மி. முன்கூட்டிச் சொல்லாமல் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கோட் போடவில்லை.

"அவன் போறேங்கறான்" என்றாள்.

"எங்க?"

"இல்லத்துக்கு. இன்னிக்குக் காலையில நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கான், ஈஸ்டர் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இப்பவே போன் போடுன்னு. நாலு நாளா சாப்பாடு சரியில்ல. பிசைஞ்ச உருளைக்கிழங்கும் கீரையும் செஞ்சேன், அவனுக்குப் பிடிச்சது. ஸ்பூனால கோடு போட்டுட்டு வச்சுட்டான்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'அங்க வராண்டா இருக்கு'ங்கறான். வராண்டாவுக்கு ஆசைப்பட்டு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா? கோஸ், நான் அவனைச் சரியாத் தூக்கலையா? ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போறேன். முகம் சுளிச்சுட்டேனா?"

"உக்காரு. காபி போடறேன்."

"காபி வேண்டாம். நீ போய்க் கேளு. எங்கிட்ட சொல்லாததை உங்கிட்ட சொல்லுவான்."

"இப்பவா? இன்னிக்குப் புதன்கிழமை."

"இப்பவேதான்."

போனேன். அவன் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்திருந்தான். நல்ல கை ஜன்னல் பக்கம். நர்ஸ் மூரீன் இன்னும் கிளம்பவில்லை. சூரினாமில் பிறந்து வளர்ந்தவள், பெரிய குரல், சின்ன கைகள். பயிற்சிப் பந்தை அவன் கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. உங்க நண்பர் என்னை வேலையைவிட்டு நீக்கப் பாக்கறாரு" என்றாள். "இல்லத்துல என்னை மாதிரி அழகான நர்ஸ் இருக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன். கேக்கறதா இல்ல."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "என்னப்பா வராண்டா?"

ஹார்ம் பந்தை அமுக்கினான். விட்டான். அமுக்கினான்.

"கோஸ், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் செத்துட்டேனா?"

"என்ன பேச்சு இது."

"வந்த முதல் நாள் லீடவை போனா. கை தூக்கினேன். சைக்கிள் ஸ்டாண்டைப் பாத்துட்டே போனா. சரி, கவனிக்கல. அப்புறம் அந்த நாய்க்காரன். அவன் நாய் என்னைப் பாத்துச்சு, அவன் பாக்கல. அப்புறம் தபால்காரப் பொண்ணு. அப்புறம்..." நிறுத்தினான். "நீ. குப்பைத்தொட்டியோட."

நான் நாற்காலியை இன்னும் கட்டிலோரம் இழுத்தேன். ஹார்ம் தொடர்ந்தான்.

"ட்ராம்ல எதிர்ல வர்ற வண்டிக்காரன் கை தூக்குவான். யாருன்னுகூடத் தெரியாது. மழை, பனி, எதுவானாலும் தூக்குவான். ஒருத்தன் தூக்கலைன்னா அவனுக்கு வீட்ல ஏதோன்னு அர்த்தம். கடைசி நிறுத்தத்துல போய்க் கேப்போம். இங்க ஒருத்தருமே தூக்கல. அத்தனை பேர் வீட்லயுமா ஏதோ? அப்ப எனக்குத்தான் ஏதோ. அதுக்கப்புறம் வந்து இதை ஒட்டினீங்க." பால்நிறக் கண்ணாடியை மோவாயால் காட்டினான். "செத்தவன் முகத்துல துணி போடற மாதிரி."

"ஹார்ம், நீ கூச்சப்படக் கூடாதுன்னு நாங்க பேசிவச்சோம். குழுவுல."

"யாரு பேசி வச்சது?"

"எல்லாரும். நானும் கட்டைவிரல் போட்டேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா கூச்சப்படுவியேன்னு..."

மூரீன் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க ஊர்ல ஒருத்தன் படுத்துட்டா தெருவே கட்டில்மேல உக்காந்துக்கும். அதுவும் தொல்லைதான். ஆனா இந்த மாதிரி ஒண்ணு நான் கேட்டதில்ல. மரியாதை குடுத்தே ஆளை அனுப்பி வச்சிருப்பீங்க."

ஹார்மின் வாயின் நல்ல ஓரம் லேசாக அசைந்தது. "இல்லத்துல வராண்டா பக்கம் கதவு திறந்தே இருக்குமாம். போறவங்க வர்றவங்க பாப்பாங்களாம். அதான்."

அன்று மாலையே லீடவையிடம் போய்ச் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லலாம் என்று பார்த்தேன், சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. அவள் முகம் சிவந்தது. மறுநாள் காலை, மூரீன் இருக்கும் நேரமாகப் பார்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஹார்ம் வீட்டுக்கு வந்தாள். கையில் வெட்டுக்கத்தியும் தலைமுடி உலர்த்தும் கருவியும். சூடு காட்டினால் பசை இளகும், தாள் முழுசாக உரிந்து வரும்.

"எல்லாத்தையும் எடுத்துடறேன் ஹார்ம். மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

"யாரு எடுக்கச் சொன்னது? அந்த ரெண்டு கால் மாடு எனக்குப் பிடிக்கும். என்னை மாதிரிதான், பாதி இல்ல."

"அப்புறம் என்ன செய்ய?"

"நீ இதை எங்கேயிருந்து பாத்து வரைஞ்சே?"

"தெருவுலேருந்து."

"இங்க படுத்துப் பாரு."

லீடவை எங்கள் முகங்களைப் பார்த்தாள். மூரீன் அதற்குள் ஹார்மைத் தூக்கும் பட்டையில் கட்டி, நாற்காலிக்கு மாற்றத் தொடங்கியிருந்தாள். "செருப்பைக் கழட்டிட்டு ஏறும்மா. நேத்துதான் விரிப்பு மாத்தினேன்" என்றாள். லீடவை செருப்பைக் கழற்றி, அவன் கட்டிலில், அவன் தலையணையில் தலைவைத்துப் படுத்தாள்.

நானும் குனிந்து அவள் தலைக்கு அருகே கண்ணை வைத்துப் பார்த்தேன். பால்நிறம். அதில் நிலாவின் சிவப்பு மங்கலாக. அதற்கு மேலே வானம், வானத்தில் ஸ்கிப்போல் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்களின் வயிறு. தெருவில் யாரோ நடந்தார்கள். செருப்புச் சத்தம் வந்தது, ஆள் வரவில்லை.

"ஆமா" என்றாள் லீடவை, மெல்ல. எழுந்திருக்காமலே கை நீட்டினாள். "கோஸ், அந்தக் கத்தியைக் குடுங்க. ஹார்ம், நீங்க சொல்லுங்க. என்ன தெரியணும்?"

இதை நான் ரசித்துப் பார்த்தேன். முதலில் அவள் ஒரு சின்ன வட்டம் வெட்டி உரித்தாள், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. பிறகு வட்டத்தை எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்று அவன் சொன்னான்.

"வலது பக்கம். இன்னும். தெரு திரும்பற மூலை வரைக்கும். நீளமா இருக்கட்டும். நடந்து வர்றவங்க திடீர்னு மூக்குக்கு முன்னாடி வந்து நிக்கக் கூடாது. தூரத்துலேருந்தே வரணும். அப்பதான் கை தூக்க நேரம் இருக்கும்."

"இது?"

"அது கோஸ் வீட்டு வாசல். கொஞ்சமா வெட்டு. அவன் காலையில பைஜாமாவோட நிப்பான், பாக்க சகிக்காது."

"என் பைஜாமா உனக்கு என்ன பண்ணிச்சு?" என்றேன்.

"கீழ ஒண்ணு வெட்டு. தாழ்வா. குழந்தைங்களுக்கும் அந்த நாய்க்கும்."

"இடது பக்கம், கால்மாட்டுல?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "அங்க வேண்டாம். அங்க இருக்கட்டும். மூரீன் என்னைத் துடைக்கிறப்ப இடுப்புக்குக் கீழே உன் மாடு பாத்துக்கட்டும்."

மூரீன் கத்தி கண்ணாடியைக் கீறிவிடும் என்று முணுமுணுத்தபடியே உலர்த்தியைப் பிடித்துக்கொண்டாள். லீடவை படுத்த வாக்கிலேயே வெட்டினாள். திறப்புகள் பறவையாகவும் இல்லை, நிலாவாகவும் இல்லை. நீண்டும் வளைந்தும் கோணலாக, ஏற்கெனவே இருந்த பறவையின் வாலைத் தொட்டு, மாட்டின் முதுகைச் சுற்றிப் போயின. பிறகு அவள் வெளியே போய்த் தெருவிலிருந்து பார்த்தாள். உள்ளே வந்து, "முன்னைவிட நல்லாயிருக்கு. எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு" என்றாள்.

"நீ வரைஞ்சதுதானே" என்றான் ஹார்ம். "இவ்வளவு தூரம் எனக்காக எவ மெனக்கெடுவா? அதுக்கு நான் இன்னும் நன்றி சொல்லல. அன்னிக்குச் சொன்னது வாய் சொன்னது." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விட நேரமாயிற்று.

அன்று மதியம் குழுவில் லீடவை எழுதினாள்: "நாம் தப்பாக நினைத்துவிட்டோம். ஹார்முக்குக் கை தூக்க வேண்டுமாம்." கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. அடுத்த இரண்டு நாள் தெருவே அவன் ஜன்னல் முன்னால் ஊர்வலம் போயிற்று. வேலை இல்லாதவர்களும் நடந்தார்கள். நாய்க்காரன் நாயின் முன்காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கீழ்த் திறப்பில் மூக்கை அழுத்தி ஆவி ஊதினார்கள். சனிக்கிழமை ஹார்ம் என்னிடம், "கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுப்பா, கை வலிக்குது" என்றான். ஃபெம்மி வைத்த ரொட்டியில் சாக்லேட் தூளை அவனே தூவி, நாலு துண்டு சாப்பிட்டான். திங்கட்கிழமைக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பாதி பேர் கை தூக்கினார்கள், பாதி பேர் அவசரத்தில் மறந்தார்கள். மறந்தவர்களை அவன் மறுநாள் பார்த்துக்கொண்டான்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை நான் அங்கே சீட்டாடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஃபெம்மி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். கேட்டாள். பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு ஹார்மைப் பார்த்தாள்.

"இல்லத்துலேருந்து. என்ன சொல்லட்டும்?"

ஹார்ம் திரும்பவில்லை. நீளத் திறப்பின் வழியே மூலையிலிருந்து தபால்காரப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "கொஞ்சம் இரு" என்றான். அவள் நெருங்கியதும் கை தூக்கினான். அவளும் தூக்கினாள். அவள் கடந்து போகும்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினான்.

"எனக்கு நேரமில்லைன்னு சொல்லிடு, ஃபெம்மி."

ஃபெம்மி அதைச் சொல்லவில்லை. "அந்த இடத்தைத் தேவைப்படற வேற யாருக்காவது குடுத்துடுங்க. இவ்வளவு நாள் வச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றி" என்று நிதானமாகச் சொல்லி வைத்தாள். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி நடந்தாள்.

"எங்க போற?" என்றான் ஹார்ம்.

ஃபெம்மி வீட்டுச் செருப்போடு வெளியே போனாள். சரிவில் இறங்கி, தெருவுக்குப் போய், ஜன்னலுக்கு நேராக வந்தாள். இத்தனை வருஷமாக உள்ளே இருந்து மற்றவர்களுக்குக் கை தூக்கியவள். அந்த ஜன்னலைக் கடந்து போகிறவளாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை. ஹார்ம் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

அவளும் தூக்கினாள். மூலை வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, இன்னொரு தடவை ஜன்னலைக் கடப்பதற்காக, மெதுவாக நடந்து வந்தாள்.